ஆறாம் வட்டாரமும் அதன் வரைபடமும்

நூதனசாலை எந்தப் பக்கமும் சாராதது என்றொரு நம்பிக்கை எம்மிடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் எதுவும் வெறும் அறிவாகிவிடுகிறது. ஆனால் பெட்டிக்குள் எதை வைப்பது, எவரை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். அத் தீர்மானம் எவ்வளவு தூரம் அரசியலானது என்பதை அறியத் தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரத்தைப் பார்த்தால் போதும்.

அந்நகரிலுள்ள தென்னாபிரிக்க நூதனசாலை 1907 முதல் 1924 வரை, உயிரோடிருந்த சான், கொய் மக்களின் உடல்களில் சாந்து பூசி அச்செடுத்தது. அழிந்துகொண்டிருக்கும் இனமாதலால் அவர்களது உடலமைப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். அவர்களது நிலத்தையும் வேட்டைக் காடுகளையும் பறித்து அவர்களை அழித்தவர் யார் என்பது பதிவுக்குரிய விடயமாகக் கருதப்படவில்லை. 1960 அளவில் இவ்வுருவங்கள் சில வேட்டைக்காரர் முகாமொன்றாக அடுக்கப்பட்டுக் காட்சிக்கு வந்தன. பல ஆண்டுகளாக அங்கு நின்றவர்களுக்குப் பெயரே இருக்கவில்லை.

அதே 1960களில் வெள்ளையரின் தளபாடங்களும் பீங்கான்களும் கலாசார வரலாற்று நூதனசாலை என்ற தனி நிறுவனத்துக்குப் போயின. கறுப்பு மக்களோ மீன்களோடும் பறவைகளோடும் பழைய கட்டடத்திலேயே விடப்பட்டனர். ஒருவருக்கு வரலாறு, மற்றவருக்கு விலங்கியல். பீங்கான்கள் போய்ச் சேர்ந்த கட்டடம் முன்னாளில் டச்சுக் கம்பனி தன் அடிமைகளை அடைத்துவைத்த விடுதி. கேப்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுள் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் சேர்ந்தோரும் இருந்தனர். அந்த விடுதி 1998இல்தான் ‘அடிமை விடுதி’ என்ற பெயரை மீண்டும் பெற்றது. வேட்டைக்காரர் காட்சி 2001இல் மூடப்பட்டது.

இதே நகரில் வேறொரு வகை நூதனசாலையும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஆறாம் வட்டாரத்தின் கதை வேண்டும். 1867இல் நகரின் ஆறாவது வட்டாரமாகப் பெயர்பெற்ற இவ்விடத்தில் விடுதலையான அடிமைகள், கைவினைஞர், துறைமுகத் தொழிலாளர், குடிவரவாளர் எனப் பலரும் கலந்து வாழ்ந்தார்கள். 1950இன் குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ், 1966 பெப்ரவரி 11ஆம் திகதி, இது வெள்ளையருக்கான பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் 60,000 வரையான மக்கள் நகருக்கு வெளியே, மணல்வெளிக் குடியிருப்புகளுக்கு அகற்றப்பட்டனர். வீடுகளைப் புல்டோசர்கள் இடித்தன. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மட்டும் வெறுவெளியில் நின்றன. டர்பனில் எமது மொழி பேசும் குடும்பங்களையும் வேரோடு பிடுங்கியது இதே சட்டந்தான்.

1994 டிசம்பரில், பழைய மெதடிஸ்த தேவாலயமொன்றில் ஆறாம் வட்டார நூதனசாலை திறக்கப்பட்டது. சில வாரங்களுக்கென்று தொடங்கிய வீதிகள் பற்றிய கண்காட்சி மூடப்படவேயில்லை, ஏனெனில் மக்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். தரையிலே வட்டாரத்தின் பெரும் வரைபடம் விரிக்கப்பட்டிருக்கிறது. வெளியேற்றப்பட்டோர் தமது வீடு நின்ற இடத்தைத் தேடி, தம் பெயரைத் தாமே எழுதினார்கள். நீளத் துணிகளில் எழுதிவைத்த நினைவுகள் பின்னர் நூலால் தைக்கப்பட்டன. மேலே தொங்கும் வீதிப் பெயர்ப்பலகைகள் வட்டாரத்தின் அசல் பலகைகள். இடிப்பு வேலையில் பொறுப்பாயிருந்த ஒருவரே அவற்றை எறிந்துவிடாமல் தன் வீட்டில் ஒளித்துவைத்திருந்தார். இடித்தவனின் மனச்சாட்சியும் இங்கே காட்சிப்பொருள்தான்.

முதலாவது நூதனசாலை மனிதரின் உடலை எடுத்து அவர்களின் பெயரை மறைத்தது. இரண்டாவது பெயர்களிலிருந்தே தொடங்கியது. இங்கு பார்வையாளரும் சாட்சியும் ஒருவரே. அகற்றப்பட்டோர் தமது காணி உரிமையைக் கோரியபோதும் இந்த இடம் அவர்களுக்குத் துணைநின்றது.

எனினும் நினைவுக்கும் வேலிகள் உண்டு. 1966க்கு முன்னரும் அங்கிருந்து மனிதர் விரட்டப்பட்டனர். 1901இல் கொள்ளைநோய் பரவியபோது, நோயைச் சாட்டாக வைத்து ஆபிரிக்கர்கள் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களைச் சொல்லாமல் ‘நாமெல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தோம்’ என்று மட்டும் சொன்னால் அந்த வரைபடம் இன்னொரு பொய்யாகிவிடும். ஆறாம் வட்டார நூதனசாலை 1901ஐயும் தன் கதையில் சேர்த்திருப்பது அதன் நேர்மைக்கு அடையாளம்.

நூதனசாலை நீதிக்குப் பதிலாகாது என்பதையும் சொல்லவேண்டும். 2004 பெப்ரவரி 11ஆம் திகதி நெல்சன் மண்டேலா முதலில் திரும்பியவர்களிடம் வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார். ஆனால் அதன்பின்னும் பலர் காத்திருந்தே மூப்படைந்தார்கள், இறந்தும் போனார்கள். அரசை அசைக்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. வரைபடத்தில் எழுதிய பெயர் வீடு ஆகிவிடாது. ஆனால் அந்தப் பெயர் இல்லாவிட்டால் வீடு கேட்க வருபவனிடம் ‘நீ யார்?’ என்று கேட்பார்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது ஊர்களின் பெயரால் சங்கங்கள் உண்டு, மலர்கள் உண்டு. 1981இல் எரிந்த நூலகத்தை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஒருநாள் நாமும் ஒரு தரையில் எமது வரைபடத்தை விரிப்போம். அப்போது 1990 ஒக்ரோபரில், எமது பெயரால் பேசிய விடுதலைப் புலிகளால், வடக்கிலிருந்து சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தமது வீதியைத் தேடி வருவார்கள். சோனகதெருவில் அவர்கள் தம் பெயரைத் தம் கையாலேயே எழுத நாம் இடம் விட்டிருப்போமா? அவர்களுக்கு இடமில்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு, எமக்கு நேர்ந்த அநீதியைப் பற்றி உலகத்திடம் முறையிடும் தகுதி எமக்கு இராது.