காளவாயும் வெந்த வாயும்

சில ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரக் கடற்கரையோரம் நண்பர்கள் நால்வர் பயணம் மேற்கொண்டிருந்தோம். எங்கள் நோக்கம் வேறு. பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் எங்கெங்கு இருந்தன, கிளிஞ்சலும் சிப்பியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டறிந்து குறிப்பெடுப்பதே அது. சிற்றூர் ஒன்றில் எங்களுக்கு மீன்குழம்புச் சோறிட்ட பாட்டி, தாம் மட்டும் ஒரு கிண்ணத்தில் மோர்ச்சோற்றைப் பிசைந்து கொண்டார். ஏன் என்று கேட்டோம். "காரம் ஆகமாட்டேங்குது தம்பி, வாயி எரியுது" என்றார். அவரால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கே வாயைத் திறக்க முடிந்தது. இடுப்பில் வெற்றிலைப் பை செருகியிருந்தது. வெற்றிலையின் பெருமையை அவரிடமே அரைமணி நேரம் பேசிவிட்டிருந்த நாங்கள் வாயடைத்துப் போனோம். "இந்த வெத்தலையாலயா?" என்று அவர் கேட்டதற்கு அன்று எங்களிடம் விடையில்லை. இக்கட்டுரை, காலந்தாழ்ந்து எழுதப்படும் அந்த விடை.

முதலில் சுண்ணாம்பிலிருந்து தொடங்குவோம். மன்னார் வளைகுடாவின் கரைக்குச் சுண்ணாம்பு புதிதன்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி முருகைப் பாறைகள் வளர்ந்துள்ளன. சங்கும் சிப்பியும் முருகைக்கல்லும் வேதியியலில் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் இட்டுச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. நீரூற்றி நீற்றினால் வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் ஆகும் சுண்ணாம்பு. மண்டபம் பகுதியில் முருகைக்கல் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டுச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சென்றதை மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் 1970களிலேயே எச்சரித்து எழுதினார்கள். 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் முருகைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. பாறைகளுக்குக் காவல் கிடைத்தது. சுண்ணாம்பு சென்று சேர்ந்த வாய்களின் கதி என்ன?

வெற்றிலை நம் மரபில் பெற்ற இடத்தை இத்தளத்தின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், சிலம்பு விற்கப் புறப்படும் கோவலனுக்குக் கண்ணகி உணவிட்டபின் இறுதியாகக் கொடுப்பது வெற்றிலையும் பாக்கும்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் நகரைப் பற்றிச் சொல்லுமிடத்தில், மக்கள் ஓர் இலையைச் சுண்ணாம்போடும் நறுமணப் பொருள்களோடும் எந்நேரமும் மென்று கொண்டிருப்பதை வியந்து பதிவு செய்கிறார். அந்தத் தாம்பூலத்தில் ஒரு பொருள் மட்டும் இல்லை. அது புகையிலை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை, போர்த்துகீசியரின் கப்பல் வழியாகப் பின்னாளில்தான் நம் கரைக்கு வந்தது. வந்தபின் வேகமாக வேரூன்றிற்று. பாக்கு நீரிணையின் மறுகரையில் யாழ்ப்பாணம் புகையிலைக்குப் பெயர்பெற்றது. அங்கு விளைந்தது கடல்வழியே திருவிதாங்கூர் வரை விற்பனைக்குப் போயிற்று.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் கூட்டம் இக்கரை வழியே கடந்தது. மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து நோய்ச்சோதனை செய்த பின்னரே கப்பலேற்றினர். அக்காலத்து அச்சமெல்லாம் காலராவும் பிளேக்கும் அம்மையுமே. மடியிலிருந்த வெற்றிலைப் பை யாருக்கும் அச்சம் தந்திராது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து அந்த வழியை மூடியது. ஆனால் வழியே சென்ற வழக்கம் மலையகத்திலும் நிலைத்துவிட்டது.

இனி மருத்துவத்தின் பக்கம் வருவோம். தென் திருவிதாங்கூரில் அன்றிருந்து, 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், இலண்டன் மிஷன் சங்கத்தார் ஒரு மருத்துவமனை நடத்திவந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற சாமர்வெல் மருத்துவராகப் பணியாற்றியதும் அங்கேதான். அம்மருத்துவமனையைச் சேர்ந்த ஓர் என்ற மருத்துவர் 1933இல் இலண்டனின் 'லான்செட்' இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்பவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயின் காரணம், நோய்க்கூறு, சிகிச்சை ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினார். தமிழும் மலையாளமும் பேசும் ஏழை நோயாளிகளின் வாய்கள் உலக மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்ற தொடக்கப் பதிவுகளுள் இது ஒன்று.

ஆனால் எங்கள் பாட்டிக்கு இருந்தது புற்றுநோய் என்று சொல்வதற்கில்லை. அதற்கு முந்தைய படியாகக் கருதப்படும் வேறொரு நிலையின் அடையாளங்களே அவரிடம் தெரிந்தன. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இந்நிலையைக் கண்டு, அதற்கு இலத்தீனில் ஒரு நீண்ட பெயர் வைத்தார். 'காரணம் தெரியாத' என்னும் பொருள்படும் சொல் அப்பெயருக்குள்ளேயே இருந்தது! அடுத்த ஆண்டே பம்பாயில் மருத்துவர் ஜோஷி இதை விவரித்தார். வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு படிந்து இறுகும் இந்நோயைத் தமிழில் 'வாய் நார்க்கட்டு' என்று நாம் அழைத்துக்கொள்ளலாம். முதலில் காரம் பட்டால் எரிச்சல். பிறகு கன்னம் வெளுத்து விறைத்தல். இறுதியில் வாய் திறவாமை. ஒருமுறை இறுகிய நார் தானே இளகுவதில்லை. இவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்று வருகிறது.

காரணத்தைக் கண்டறிய மருத்துவர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. மேத்தா, பிண்ட்போர்க் முதலியோர் இந்தியாவின் பல மாவட்டங்களில் 50,915 கிராமத்தாரின் வாயைப் பார்த்து எழுதிய ஆய்வு 1969இல் வெளிவந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் முடிவு செய்தது. புகையிலை சேராவிட்டாலும் தரும் என்றும், பாக்கே தன்னளவில் புற்றுநோய்க் காரணி என்றும் 2004இல் கூறியது. குற்றவாளி புகையிலை மட்டுமே, பாக்கு பாவமறியாதது என்று நாமெல்லாம் நினைத்திருந்த ஆறுதல் அத்தோடு போயிற்று.

சரி, பாக்கு என்னதான் செய்கிறது? இங்கேதான் மரபணு ஆய்வு வருகிறது. சரசுவதி மகால் போன்றதொரு சுவடி நூலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அத்தகைய நூலகம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 20,000 சுவடிகள். எல்லா உயிரணுவிலும் சுவடிகள் ஒன்றே. ஆனால் தோலின் உயிரணு சிலவற்றை மட்டும் படியெடுக்கிறது. கிருமியோடு போரிடும் வெள்ளணு வேறு சிலவற்றைப் படியெடுக்கிறது. எந்தச் சுவடி எத்தனை படி எடுக்கப்பட்டது என்று எண்ணிவிட்டால், அந்த உயிரணு அப்போது என்ன வேலையில் இருந்தது என்று தெரிந்துவிடும். இதுவே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. 1995இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு சிறு கண்ணாடித் தகட்டில் 45 மரபணுக்களின் படிகளை ஒரே வேளையில் அளந்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது.

வாய்க்கும் அது வந்தது. 2008இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈறு அழற்சி முற்றிய 90 பேரிடமிருந்து 247 ஈற்றுத் துணுக்குகளை எடுத்து, நோயுற்ற இடத்தையும் நலமான இடத்தையும் ஒப்பிட்டார்கள். நோயுற்ற ஈற்றில் கிருமி எதிர்ப்பு, உயிரணு மடிதல், புதுக் குருதிக்குழாய் தோன்றல் ஆகியவற்றுக்கான சுவடிகள் மாறுபட்டு ஒலித்தன. ஆயினும் இதில் ஒரு சிக்கல். ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் எழும் இரைச்சலைத் தொலைவிலிருந்து கேட்பதுபோல இது. இரைச்சல் கூடியதென்றால், ஒவ்வொருவரும் உரக்கப் பேசுகிறார்களா, அல்லது ஆட்கள்தாம் அதிகம் வந்துவிட்டார்களா? அழற்சியுற்ற திசுவுக்குள் வெள்ளணுக்கள் கூட்டமாய் நுழைவதால், அவற்றின் குரலையே திசுவின் குரலென மயங்க நேரும். ஒவ்வோர் உயிரணுவையும் தனியே பிரித்துப் படியெண்ணும் முறை வந்தபின் இம்மயக்கம் தெளியலாயிற்று. அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட வாய்த்திசு வரைபடம், வெள்ளணுக்களை அழைப்பதில் திசுவின் தாங்கு உயிரணுக்களே பெரும்பங்கு வகிப்பதைக் காட்டியது. வெறும் சுவரென்று நாம் எண்ணியது காவலரை அழைக்கும் மணியாகவும் இருக்கிறது!

நம் பாட்டியின் நோய்க்கு நெருக்கமான ஆய்வு பெங்களூரில் நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் கொண்டய்யா குழுவினர் நார்க்கட்டு நோயாளிகளின் வாய்த்திசுவையும் நலமானவர்களின் திசுவையும் இதே முறையில் ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். நாரை வளர்க்க ஆணையிடும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் வழித்தடம் ஓங்கியிருந்தது. அதைத் தடுத்து நிறுத்தும் பிஎம்பி-7 தாழ்ந்திருந்தது. அதாவது, ஆணை ஓங்கிவிட்டது; 'போதும்' என்று சொல்ல வேண்டிய குரல் அடங்கிவிட்டது. ஈறு அழற்சியில் வெள்ளணுக்களின் சீற்றம் நாரையும் எலும்பையும் அரித்துச் சுவரை இடிக்கிறது. பாக்கின் அழற்சியோ வேண்டாத சுவரை எழுப்பிக்கொண்டே போகிறது. ஒரே வாயில் இரண்டு எதிர்முனைகள்.

சுண்ணாம்புக்கு இதில் பங்குண்டா? உண்டு. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் காரப்பொருளைச் சுண்ணாம்பு வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கின் துவர்ப்பொருள்கள் உயிர்வளியோடு வினைபுரிந்து, திசுவைப் புண்படுத்தும் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கின்றன. பாக்கிலுள்ள செம்பு, நார்களை ஒன்றோடொன்று பின்னும் நொதிக்கு ஊக்கம் தருகிறது. பின்னிய நார் கரைவதில்லை. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது அன்றைய புண்ணைப் பற்றி. நாள்தோறும் சிறிது சிறிதாக, கண்ணுக்குத் தெரியாமல் வேவதை அவர்கள் அறிய வழியில்லை.

ஆனால், வாசகர்களே, இத்தனை நுண்ணிய அறிவு வந்தபின்னும் ஓர் உயிரைக் காக்கத் தேவைப்படுவது என்ன தெரியுமா? பகல் வெளிச்சமும் திறந்த வாயும் பழகிய கண்ணும். இலங்கையில் 34 அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டுக்குள் 28,295 பேரின் வாயைப் பார்த்துப் புற்றையும் அதன் முன்னிலைகளையும் கண்டறிந்ததை 1984இல் வெளியான ஆய்வு கூறுகிறது. திருவனந்தபுரத்தில் 1996 முதல் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களுக்குப் பயிற்சிபெற்ற பணியாளர்கள் வாயைப் பார்த்துச் சோதித்ததால் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது என்பது அம்முடிவு. மரபணு ஆய்வு நாளைய மருந்துக்கு வழிகாட்டும். யாருக்குப் புற்றாக மாறும் என்பதை முன்னறியவும் உதவலாம். ஆனால் அது காட்டுவதை நம்பிப் பாக்கைத் துப்பவேண்டியது இன்றைய வேலை.

இலக்கியம் பேசுவோராகிய எங்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தாம்பூலத்தின் சிவப்பை எத்தனை முறை இரசித்து எழுதியிருக்கிறோம்! கண்ணகி கொடுத்த வெற்றிலையை நாம் மறக்க வேண்டியதில்லை. அதன் அன்பு காவியத்தில் இருக்கட்டும். வெற்றிலையின் பெருமையைப் பேசும் நாக்குக்கு, அதே மூச்சில் அதன் தீங்கையும் பேசும் கடமை உண்டு என்றே கருதுகிறோம்.

காளவாய்களைப் பற்றி எடுத்த குறிப்புகள் இன்னும் எங்களிடம் உள்ளன. அவற்றை ஒருநாள் எழுதுவோம். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆம் பாட்டி, பெரும்பாலும் இதனால்தான். வெற்றிலையைவிட அதனுள் மடித்த பாக்கும் புகையிலையும், அவற்றோடு சேர்ந்த சுண்ணாம்பும். இன்று நிறுத்தினால் இறுகிய நார் இளகாது போகலாம். ஆனால் மேலும் இறுகும் வேகம் குறையும். உங்கள் வீட்டிலும் காரம் ஆகாமல் மோர்ச்சோறு பிசைபவர் யாரேனும் இருந்தால், வாசகர்களே, அவரை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு அழைத்துவந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.