மூன்லைட் ரோட்டு நாய்கள்

மைக்கேல் விக் மிருகவதைக்காக ஜெயிலுக்குப் போனவர். அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். ஜெயிலுக்குப் போனது உண்மை. ஆனால் மிருகவதை என்ற குற்றத்துக்காக எந்த நீதிமன்றமும் அவருக்குத் தண்டனை கொடுக்கவில்லை. 2007-ல் மத்திய அரசு போட்டது ஒரு சதி வழக்கு: சட்டவிரோதக் காரியத்துக்காக மாநில எல்லை தாண்டிப் போகவும், சண்டையில் நாயை இறக்கவும் கூட்டுச் சேர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. வர்ஜீனியா மாநிலமும் தன் பங்குக்கு ஒரு வழக்குப் போட்டது. அதில் 2008 நவம்பரில் நாய்ச்சண்டை நடத்தியதை அவர் ஒப்புக்கொண்டார். வதை தொடர்பான மற்றொரு குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நாய்களைக் கொன்றதற்காகத் தனியே எட்டுக் குற்றச்சாட்டுகளைச் சேர்க்க அரசுத் தரப்பு முயன்றபோது, உள்ளூர் கிராண்ட் ஜூரி அதற்கு ஓராண்டு முன்பே மறுத்துவிட்டது.

எனக்கு இந்த வழக்கில் பிடிப்பு வந்ததே இந்த இடைவெளியால்தான். ஒரு நாடே கொதித்தது. எதற்காகக் கொதித்ததோ, அதைக் குறிக்கும் சொல் தீர்ப்பில் இல்லை.

விக்கைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் என்ற கப்பல் கட்டும் ஊர்க்காரர். கறுப்பர், அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்காக 1999, 2000 ஆகிய இரண்டே சீசன்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடினார். குவார்ட்டர்பேக் என்பவர் நின்ற இடத்திலிருந்து பந்தை எறிகிறவர், அணியின் மூளை என்று இருந்த ஆட்டத்தில், பிடிக்க வருகிறவர்களை ஏமாற்றிவிட்டு ஓடுகிற இடதுகைக்காரர் ஒருவர் வந்து நின்றார். தோல்வியே காணாமல் தேசிய இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். 2000 ஜனவரியில் அங்கே ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் தோற்றார்கள். படிப்பை முடிக்காமலே 2001-ல் என்.எஃப்.எல். தேர்வுக்குப் போனார். அந்த ஆண்டின் முதல் ஆள் அவர்தான். அந்த முதலிடத்தில் ஒரு கறுப்பர் குவார்ட்டர்பேக்காக எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2004 கடைசியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அவருக்குப் பத்து ஆண்டுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது.

கல்லூரியை விட்டு வெளியே வந்த அதே 2001-ல், ஜூன் மாதம், சுமார் 34,000 டாலருக்கு வர்ஜீனியாவின் சர்ரி கவுன்டியில், மூன்லைட் ரோட்டில் ஒரு நிலம் வாங்கினார். முன்னால் வீடு, பின்னால், மரங்களுக்கிடையே கறுப்பு பெயின்ட் அடித்த கொட்டகைகள். தங்கள் நாய்க்கூட்டத்துக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'பேட் நியூஸ் கென்னல்ஸ்'. ஊர்ப்பெயரை வைத்துப் பையன்கள் செய்யும் சொல்விளையாட்டு. கல்லூரி நட்சத்திரம் பணக்காரராவதும் நாய்கள் வந்து சேருவதும் ஒரே சில மாதங்களில் நடந்திருக்கின்றன.

2007 ஏப்ரல் 25 அன்று போலீஸ் அங்கே போனது நாய்களைத் தேடி அல்ல. அவருடைய உறவினர் ஒருவர்மீது இருந்த போதைமருந்து விவகாரத்துக்காகச் சோதனை. போன இடத்தில், புதைத்து வைத்த கார் அச்சுகளில் கனத்த சங்கிலி போட்டுக் கட்டியிருந்த நாய்களைப் பார்த்தார்கள். ஐம்பதுக்கு மேல் பிட்புல்கள்.

நான் நீதிமன்ற ஆவணங்களைப் படிக்கிற வழக்கமுள்ளவன். மென்பொருள் வேலை கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். எல்லாவற்றுக்கும் மூலக் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றும். விக் கையெழுத்திட்ட ஒப்புதல் அறிக்கையின் மொழி ஒரு சரக்குப் பதிவேடு மாதிரி இருக்கிறது. எந்த மாதம், எந்த மாநிலத்து ஆட்களுடன் சண்டை, பந்தயப் பணம் எவ்வளவு, யார் ஜெயித்தது. அந்த வரிசையிலேயே, அதே குரலில், 2007 ஏப்ரல் வருகிறது: சோதித்துப் பார்த்ததில் சண்டைக்குச் சரிப்படாத ஆறு முதல் எட்டு நாய்கள், தூக்கிலிடுவது, தண்ணீரில் முக்குவது முதலிய வழிகளில் கொல்லப்பட்டன, அது எல்லோரும் கூடிச் செய்தது. 'சோதித்துப் பார்த்ததில்' என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. தேறாததைக் கழித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜூலையில் குற்றப்பத்திரிகை வந்ததும் வெடித்தது. ரிச்மண்ட் நீதிமன்ற வாசலில் ஒரு பக்கம் நாய்ப் படங்களோடு கூட்டம். இன்னொரு பக்கம் விக்கின் ஜெர்சி போட்ட ஆதரவாளர்கள். எண்பத்தொன்பது வயது செனட்டர் ராபர்ட் பேர்ட் செனட் சபையிலேயே எழுந்து நின்று கைநடுங்கக் கத்தினார். நைக்கி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. அட்லாண்டாவில் ரசிகர்கள் அவர் பெயர் போட்ட ஜெர்சிகளைப் பிராணிக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள், நாய்க்கு விரிக்கவும் தரை துடைக்கவும்.

டிசம்பர் 10 அன்று நீதிபதி ஹென்றி ஹட்சன் 23 மாதம் கொடுத்தார். அரசுத் தரப்பு கேட்டது 12 முதல் 18 மாதத்துக்குள்தான். விக் தன் பங்கை முழுசாகச் சொல்லவில்லை, உண்மை கண்டறியும் சோதனையில் தேறவில்லை, ஜாமீனில் இருக்கும்போதே கஞ்சா பிடித்து மாட்டினார். நீதிபதிக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு கோபம் எழுந்தது. நாய்க்காக ஒரு கறுப்பரை இந்தப் பாடு படுத்துகிறீர்களே என்று. அடிக்கடி சொன்ன உதாரணம் லெனர்ட் லிட்டில். செயின்ட் லூயிஸ் அணிக்காரர். 1998-ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றார். கிடைத்தது 90 நாள் காவலும் நன்னடத்தைக் கண்காணிப்பும். திரும்பவும் ஆட வந்தார், யாரும் ஜெர்சியைத் தரை துடைக்கக் கொடுக்கவில்லை. வலுவான உதாரணம்தான், ஆனால் சொல்கிறவர்கள் நினைக்கிறதை அது நிரூபிக்காது. லிட்டிலும் கறுப்பர். அங்கே அநியாயம் 90 நாளில் இருக்கிறது. விக்கின் 23 மாதத்தில் இல்லை.

நிறம் இருந்தது வேறு இடத்தில். விக்கைக் காப்பாற்ற வந்தவர்களும் திட்ட வந்தவர்களும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டார்கள்: நாய்ச்சண்டை என்பது தென்மாநிலக் கறுப்பர் கலாச்சாரம். வூப்பி கோல்ட்பெர்க் தொலைக்காட்சியில் அவர் வளர்ந்த சூழல் அப்படி என்று விளக்கினார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். வரலாறு வேறு. பிரிட்டனில் 1835-ல் காளை மீது நாயை ஏவும் விளையாட்டைத் தடைசெய்த பிறகு, அதற்காக வளர்த்த நாய்கள் ஒன்றோடொன்று மோதவிடப்பட்டன. குடியேறிகளோடு கப்பலேறி அமெரிக்கா வந்தன. நியூயார்க்கில் வாட்டர் ஸ்ட்ரீட்டில் கிட் பர்ன்ஸ் நடத்திய சண்டைக்களத்துக்கு வந்தவர்கள் வெள்ளையர்கள். 'போலீஸ் கெஸட்' என்ற ஜனரஞ்சகப் பத்திரிகை நாய்ச்சண்டைக்கு விதிமுறையே அச்சிட்டது. 1898-ல் யுனைடெட் கென்னல் கிளப்பைத் தொடங்கிய சான்சி பென்னட் முதல் எண்ணில் பதிந்தது தன் பிட்புல்லை. நாய்ச்சண்டை அப்போது பெயர், பரம்பரை, பதிவேடு எல்லாம் வைத்து நடந்த வெள்ளையர் பொழுதுபோக்கு.

அந்தக் களங்களை மூடப் போராடிய ஹென்றி பெர்க் ஒரு கப்பல் கட்டும் முதலாளியின் மகன். 1866-ல் அமெரிக்காவின் முதல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் நாய்ச்சண்டை, சேவல்சண்டை எல்லாம் சட்டவிரோதம். ஏழை ஐரிஷ் குடியேறிகளின் களத்தில் போலீஸோடு நுழைய அவருக்குச் சட்டம் இருந்தது. பணக்காரர் சங்கங்களில் உயிர்ப்புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவதையும் அவர் எதிர்த்தார். அங்கே அவ்வளவு சுலபமாக நுழைய முடியவில்லை.

மூன்லைட் ரோட்டு வீட்டின் அஞ்சல் ஊர் ஸ்மித்ஃபீல்ட். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உலகின் மிகப்பெரிய பன்றி இறைச்சி நிறுவனம் அந்த ஊரில் பிறந்தது. அதன் தலைமையகமும் ஆலையும் அங்கேதான். விக் வழக்கு தொடங்கிய அதே 2007-ன் ஜனவரியில், சினைப்பன்றிகளைத் திரும்பக்கூட இடமில்லாத இரும்புக் கூண்டுகளில் அடைப்பதைப் பத்து ஆண்டுக்குள் நிறுத்துகிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. எந்த நீதிமன்ற வாசலிலும் கூட்டம் கூடவில்லை. கூட சட்டம் இல்லை. மத்திய மிருகநலச் சட்டம் உணவுக்கான பண்ணை விலங்குகளைத் தொடுவதில்லை. விக் வழக்கைத் துப்புத் துலக்கியது யார் தெரியுமா? மத்திய வேளாண் துறையின் ஆட்கள். பன்றி இறைச்சியைச் சோதித்து முத்திரை குத்துவதும் அதே துறை. சட்டப் பேராசிரியர் கேரி ஃபிரான்சியோன் அந்த ஆகஸ்டில் நாம் எல்லோருமே விக்தான் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கறி சாப்பிடுகிறவன் தன் கையால் நாயைத் தூக்கில் தொங்கவிடுகிறவனில்லை. ஆனால் அந்த ஊர்ப்பெயர் மனசை விட்டுப் போகவில்லை.

சரி, நாய்கள் என்ன ஆயின?

பறிமுதல் வழக்கின் தலைப்பைப் பாருங்கள்: 'அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்'. நாய்களே பிரதிவாதி. கடத்தல் காரை அரசு எடுத்துக்கொள்கிற அதே சட்டமுறை. சண்டைக்காரர்களிடம் பிடித்த நாய்கள் வழக்கு முடியும்வரை சாட்சியம், முடிந்ததும் ஊசி. அதுதான் நடைமுறை. இதில் என்னை உலுக்கியது, விக்குக்கு எதிராக முன்னால் நின்ற இரண்டு பெரிய அமைப்புகளான ஹியூமேன் சொசைட்டியும் பீட்டாவும் அதையே ஆமோதித்தன என்பது. இந்த நாய்களைத் திருத்த முடியாது, கருணையோடு கொன்றுவிடுவதே சரி என்றார்கள். விக்கின் களத்தில் தேறாத நாய்க்குச் சாவு. அவர்கள் கணக்கில் தேறிய நாய்க்கும் சாவு.

வேறொரு வழி திறந்தது சத்தமில்லாமல், காகிதத்தில்தான். பேட் ராப், பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் போன்ற சின்ன, நடுத்தர அமைப்புகள் அரசுத் தரப்புக்கு எழுதின: ஒவ்வொரு நாயையும் தனித்தனியே பாருங்கள் என்று. அரசு வழக்கறிஞர்கள் ஒத்துக்கொண்டது ஆச்சரியம். செப்டம்பரில் ஒரு குழு கொட்டில் கொட்டிலாகப் போனது. மனிதர், குழந்தையளவு பொம்மை, தட்டில் சோறு, இன்னொரு நாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்தார்கள். பாய்ந்து குதறும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் பார்த்தது, பயத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்ட நாய்களை. நடத்தை காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நாய்களுக்குப் பாதுகாவலராக நீதிமன்றம் அமர்த்தியது. செலவு? விக் தலையில். 9,28,073 டாலர். ஒரு சண்டைநாய்க்கூட்டத்தின் மிச்ச வாழ்வுக்கு அதை வளர்த்தவனே பணம் கட்டினான்.

22 நாய்கள் யூட்டா பாலைவனத்தில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. சில நாய்கள் வீடுகளுக்கு. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், வாசிக்கத் திக்கும் குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற வேலைக்குப் போனது. ஜார்ஜியாவுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. குட்டி போடவைக்க வளர்த்த நாய், கடிக்காமலிருக்கப் பிடுங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பரவி, மற்ற நாய்களுக்கு உடனே விடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். 2009 பிப்ரவரியில் வடக்கு கரோலினாவின் வில்க்ஸ் கவுன்டியில் பிடித்த நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள், குட்டிகள் உட்பட, நீதிமன்ற உத்தரவில் கொல்லப்பட்டன. அதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றி, தனித்தனியே பார்க்கச் சொன்னது. விக்கை வைது கழித்த ஆவேசத்தில் கால்வாசி அங்கே போயிருந்தால் அந்தக் குட்டிகள் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

விக் திவாலானார், 2009-ல் வெளியே வந்தார், ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடினார், 2010-ல் மீண்டு வந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஹியூமேன் சொசைட்டியோடு சேர்ந்து பள்ளிகளில் பேசினார். 2011-ல் நாய்ச்சண்டை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்காக வாஷிங்டனில் குரல் கொடுத்தார். மனம் மாறியதா, நடிப்பா என்ற பட்டிமன்றம் எனக்கு அலுப்பு. வேலை நடந்தது.

2017-ல் வர்ஜீனியா டெக் அவரைத் தன் விளையாட்டுப் புகழ்மன்றத்தில் சேர்த்தபோது பழைய நெருப்பு முழுசாகத் திரும்ப எரிந்தது. அதே வளாகத்தில்தான் அந்த மாநிலத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பழைய மாணவர்கள் மனுமேல் மனுப் போட்டார்கள். பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை, செப்டம்பரில் சேர்த்தது. ஆட்டத்துக்கான மன்றம் ஆட்டத்தைப் பார்க்கிறது என்பது ஒரு நியாயம். ஆனால் அந்த ஆட்டத்தால் வந்த முதல் பணத்தில்தான் மூன்லைட் ரோட்டு நிலம் வாங்கப்பட்டது. இரண்டையும் பிரித்துவைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. 2024 டிசம்பரில் வர்ஜீனியாவிலேயே, கறுப்பர்களுக்கென்று தொடங்கிய நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம், அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. கல்லூரிப் பையன்கள் இப்போது அவர் பொறுப்பில்.

மூன்லைட் ரோட்டு வீட்டை 2011-ல் சங்கிலி நாய்களை மீட்கும் ஓர் அமைப்பு வாங்கியது. 'பேட் நியூஸ்' போய் 'குட் நியூஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

லூகஸ் என்ற நாய்க்கு யாருடைய வீட்டுக்கும் போக முடியவில்லை. விக் கூட்டத்தின் வெற்றிவீரன் அது; பலமுறை ஜெயித்ததாலேயே, காப்பகத்தை விட்டு ஒருபோதும் வெளியே விடக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. மனிதர் யார் வந்தாலும் வாலாட்டும். அலுவலக அறையில் படுத்துக்கிடக்கும். 2013-ல் அங்கேயே செத்தது.