பதிலுக்கு ஓர் எழுத்து - கருப்புத் திரை மின்மடல் புராணம்

மின்மடலைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா, ரே டாம்லின்சன், 1971, நடுவுல அந்த @ குறின்னு நம்மாளுங்க எல்லாரும் டக்குனு சொல்லிடுவோம். சரி, மின்மடலுக்குப் பதில் போடுறதைக் கண்டுபிடிச்சது யாரு?

என்னய்யா கேள்வி இது, மடல் அனுப்பத் தெரிஞ்சா பதிலும் அனுப்பத் தெரியாதான்னு நினைப்பீங்க. அங்கதான் இருக்கு மேட்டர். டாம்லின்சன் பயன்படுத்தின நிரலுக்கு சென்ட்மெசேஜ்னு பேரு. அது அனுப்ப மட்டும்தான். வந்த மடல் எல்லாம் ஒரே கோப்பின் வாலில் போய் ஒட்டிக்கும். படிக்கணும்னா கோப்பு முழுசையும் திரையில ஓடவிட்டுப் பார்க்கணும். 1972 வாக்கில் லாரி ராபர்ட்ஸ், மடல்களைப் பட்டியல் போட்டு வேண்டியதை மட்டும் படிக்க ஒரு நிரல் எழுதினார். அப்பவும் பதில் போடணும்னா முகவரியைக் குறிச்சு வச்சுக்கிட்டு, அனுப்பும் நிரலுக்குப் போய், முதல்லேர்ந்து தட்டணும்.

1975-ல் ஜான் விட்டல் என்பவர் எம்எஸ்ஜி என்று ஒரு நிரல் எழுதினார். அதில் 'ஆன்சர்' என்று ஒரு கட்டளை. அதைக் கொடுத்தா, வந்த மடலிலிருந்தே முகவரியை எடுத்துப் பதில் மடலில் போட்டுக்கும். அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு கட்டளைக்கு அப்புறம்தான் மின்மடல் தந்தி மாதிரி இல்லாம பேச்சு மாதிரி ஆச்சு. அனுப்புறது தகவல், பதில் போடுறதுதான் உரையாடல். நான் டாம்லின்சனுக்கு ஒரு மாலை போட்டா விட்டலுக்கு ரெண்டு போடுவேன் :-)

பொருளும் பார்வையும்

பதில் மடல்னா முகவரி மட்டும் போதாது. எதுக்குப் பதில்னு தெரியணுமே? நம்ம தாலுக்கா ஆபீஸ் கடிதம் ஒண்ணைக் கையில எடுத்துப் பாருங்க. மேல ந.க.எண் இருக்கும். அப்புறம் 'பொருள்'. அதுக்குக் கீழ 'பார்வை', அதாவது எந்தக் கடிதத்தைப் பார்த்து இதை எழுதுறோம்கிற விவரம்.

1977-ல் வந்த ஆர்.எஃப்.சி 733 என்கிற ஆவணம் மின்மடலின் தலைப்பகுதிக்கு விதி எழுதினப்போ கிட்டத்தட்ட இதையேதான் செஞ்சது. மெசேஜ்-ஐடி என்பது ந.க.எண். சப்ஜெக்ட் என்பது பொருள். இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் ரெண்டும் பார்வை. பொருளுக்கு முன்னாடி வர்ற 'ரீ' ரிப்ளையோட சுருக்கம்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லை, அது லத்தீன். 'இந்த விஷயத்தில்'னு அர்த்தம்.

இந்தப் பார்வை எண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் போனா எந்த மடலுக்கு எது பதில்னு மரம் மாதிரி வரிசைப்படுத்திடலாம். அதைத்தான் நாம தமிழ்ல 'இழை'ன்னு சொல்றோம். எங்க ஆரணிப் பக்கம் இழைன்னா பட்டு இழைதான் முதல்ல ஞாபகம் வரும். தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுட்டுத்தான் மேல நெய்வாங்க. இதைப் பின்னாடி சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க.

சின்ன ஆர், பெரிய ஆர்

1978-ல் பெர்க்லியில் கர்ட் ஷூன்ஸ் எழுதின 'மெயில்' நிரல்தான் யூனிக்ஸ் உலகத்துல பல வருஷம் ராஜா. திறந்தா மடல் பட்டியலும், ஓரத்துல ஒரு & குறியும் வந்து நிக்கும். எண்ணைத் தட்டினா மடல் வரும். 'ஆர்' தட்டினா பதில் தொடங்கிடும். முகவரியும் பொருளும் தானா வரும், நீங்க எழுத வேண்டியதுதான்.

ஒவ்வொரு வரியா எழுதணும். என்டர் தட்டிட்டா மேல் வரிக்குத் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. திருத்தணும்னா ~ போட்டு 'வி' தட்டி, விஐ எடிட்டரைக் கூப்பிடணும். வந்த மடலைப் பதிலுக்குள்ள இழுத்துப் போட ~ போட்டு 'எம்'. முடிச்சுட்டா தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. புள்ளி வச்சா மடல் போயாச்சு.

இதுல ஒரு கண்ணிவெடியும் உண்டு. பெர்க்லி நிரலில் சின்ன எழுத்து ஆர் என்றால் எல்லாருக்கும் பதில். பெரிய எழுத்து ஆர் என்றால் அனுப்பினவருக்கு மட்டும். இதை மாத்திப் போட்டுக்குற வசதியும் உண்டு, அதனால ஒரு மெஷின்ல பழகின விரல் இன்னொரு மெஷின்ல காலை வாரிடும். மேனேஜரைத் திட்டி நண்பனுக்கு எழுதின பதில் மேனேஜருக்கே போய்ச் சேரும் கதைகளுக்கு எல்லாம் இதுதான் மூலம்.

1989-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் பிறந்தது. திரைக்குக் கீழயே எந்த எழுத்துக்கு என்ன வேலைன்னு போட்டிருக்கும். பதில்னு தட்டினா பைன் கேள்வி கேட்கும்: மூல மடலைப் பதில்ல சேர்க்கவா? எல்லாருக்கும் அனுப்பவா? ஆம், இல்லைன்னு சொல்லணும். விரல் அவசரத்துக்கு வேலி போட்ட மாதிரி.

நம்ம ஊருக்கு வந்த கதை

இந்தியாவில் 1986-ல் எர்நெட் திட்டம் தொடங்கினது. மின்னணுத் துறையின் பணமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியும். பம்பாய் என்சிஎஸ்டி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐஐடிகள்னு கல்விக்கூடங்களை இணைச்சாங்க. முதல்ல யூயூசிபி முறை, அதாவது ஒரு மெஷின் இன்னொண்ணுக்குத் தொலைபேசி போட்டு, சேர்ந்த மடல் மூட்டையை மாத்திக்கும். தபால்கார வண்டி மாதிரி. இன்னிக்கு எழுதினா, வண்டி கிளம்பும்போதுதான் போகும். அதனால ஒரு பதில்ல சொல்ல வேண்டியது எல்லாத்தையும் சொல்லிடணும். 'ம்', 'சரி', 'ஓகே'ன்னு மூணு மடல் போட முடியாது.

பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இணைய சேவை தந்தது. ஷெல் கணக்குன்னு ஒண்ணு மலிவா இருந்தது. படம் கிடையாது, எழுத்து மட்டும். மோடம் கிறீச்சிட்டு விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் மெஷினுக்குள்ள போனா, மடலுக்கு பைன், வலைக்கு லின்க்ஸ். சென்னையில இருக்கறவங்களுக்கு உள்ளூர் அழைப்பு. ஆரணியிலேர்ந்து அந்த எண்ணைக் கூப்பிட்டா எஸ்டிடி. வெளிநாட்டுல இருக்கற பையனுக்குப் பதில் தட்டுற ஒவ்வொரு நிமிஷமும் மீட்டர்ல விழும். கடிதத்தை முதல்லயே காகிதத்துல எழுதி வச்சுக்கிட்டுத் தட்டுறதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சிக்கனம்தான் ஒரு எழுத்து நாகரிகத்தையே உருவாக்கினதுன்னு நான் நினைக்கிறேன். வந்த மடலில் தேவையான ரெண்டு வரியை மட்டும் > குறியோட வச்சுக்கிட்டு, மீதியை வெட்டிட்டு, கீழே பதில் எழுதுறது. எதிராளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எடுத்து வச்சு, அதுக்குப் பதில் சொல்றது. நம்ம பின்னூட்டங்கள்ல "//நீங்க சொன்னது//"ன்னு சாய்கோடு போட்டுப் பதில் எழுதுறோமே, அது இந்தப் பரம்பரைதான்னு எனக்குத் தோணுது.

தமிழ் எங்கே மாட்டிக்கிட்டது?

1982-ல் எழுதின மடல் விதிகள் ஏழு பிட் எழுத்துக்களுக்குத்தான். அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகள். அதனால அந்தக் காலத்துத் தமிழ் மடல்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. ல, ள, ழ குழப்பம் வராம இருக்க, பெரிய எழுத்து 'எல்' போட்டா ள, 'இசட்' போட்டா ழன்னு முறை வச்சுக்கிட்டாங்க. பால சுவாமிநாதனின் 'மதுரை', கனடா சீனிவாசனின் 'ஆதமி' எல்லாம் இப்படித் தட்டினதைத் தமிழ் எழுத்தா மாத்தித் தந்த நிரல்கள். சுவிட்சர்லாந்து கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு ஏழு பிட்டுக்குள்ளயே தமிழை அடைச்சது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்து தமிழ்லயே மடல் எழுத வழி செஞ்சது. அப்புறம் பலரும் கூடிப் பேசி திஸ்கி குறியாக்கம் வந்தது.

தமிழ் எழுத்து வந்தது சந்தோஷம்தான். ஆனா ஒரு விலை கொடுத்தோம். கருப்புத் திரையில திஸ்கி மடலைத் திறந்தா கொத்துக் கொத்தா ஐரோப்பிய எழுத்துக் குப்பை. போதாக்குறைக்கு வழியில '=' குறியும் எண்ணுமா மாறி வரும். அதை > போட்டு மேற்கோள் காட்டி எப்படிப் பதில் எழுதுறது? தமிழ் மடல் விண்டோசுக்குக் குடிபோனது. கருப்புத் திரை தமிழுக்கு அந்நியமாச்சு.

கொசுவத்தி போதும், விஷயத்துக்கு வர்றேன். ஆரணிக்குப் பக்கத்துல திருமலைன்னு ஒரு சமண மலை இருக்கு. அங்க ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அவன் ஜெயிச்ச நாடுகளைப் பட்டியல் போடுறது, சுமார் 1000 வருஷம் ஆச்சு. கல்வெட்டு படிக்கப் பழகினவங்க இன்னிக்கும் படிக்கிறாங்க. 1999-ல நாம எழுதின மடலை இன்னிக்கு நாமளே படிக்க முடியுதா? ஆங்கில எழுத்துத் தமிழ் பிழைச்சுக்கிச்சு. தமிழ் எழுத்துல எழுதினதுதான் குப்பையா நிக்குது. வேடிக்கையா இல்ல?

படிக்க முடியும் மக்களே. பழைய வலைப்பக்கங்களை சுரதாவின் பொங்குதமிழ் பெட்டியில ஒட்டி ஒட்டி ஒருங்குறிக்கு மாத்தினோமே, அதையே மடலுக்கும் செய்யலாம், ஒட்டாமலே. லினக்சின் ஜிலிப்சி நூலகத்துல ஐகான்வ்னு ஒரு குறியாக்க மாற்றி இருக்கு. அதுக்கு திஸ்கி தெரியும். 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதின 'மட்' என்கிற மடல் நிரல் இந்த மாற்றியைத்தான் பயன்படுத்துது. பழைய மடல் கோப்பை மட்டில் திறந்து, மடல் மேல கன்ட்ரோல்-ஈ தட்டி, எழுத்து வகையை திஸ்கின்னு மாத்துங்க. '=' குறிகளை அதுவே பிரிச்சு, தமிழைக் காட்டும். பல டெர்மினல்கள்ல கொம்பும் காலும் கொஞ்சம் தள்ளாடும், பொறுத்துக்கணும்.

அறுந்த இழைக்கும் வழி உண்டு. பழைய நிரல்கள் சிலது பார்வை எண் போடாமலே பதில் அனுப்பியிருக்கும். அதனால பதில் ஒரு மூலையில, கேள்வி ஒரு மூலையில கிடக்கும். மட்டில் பதிலைக் குறிச்சுட்டு, கேள்வி மேல நின்னு & தட்டினா முடிச்சு விழுந்துடும். நம்ம தறிக்காரர் வேலைதான்.

பழைய ஹார்ட் டிஸ்க், சிடி, எங்கயாவது பரண்ல இருந்தா இறக்குங்க. தமிழ் கணினிக்கு எழுத்துரு எப்படி இருக்கணும், குறியாக்கம் எப்படி இருக்கணும்னு சண்டை போட்டு முடிவு பண்ணின தலைமுறையின் பேச்சு அந்த மாதிரி மடல்கள்லதான் இருக்கு. அதுல கேள்வி மட்டும் இருந்து பதில் போயிட்டா பாதி வரலாறு. சிடி பூஞ்சை பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வச்சுடுங்க. தமிழைப் பிரிக்கறதை அப்புறம் சாவகாசமா செஞ்சுக்கலாம்.

டிஸ்கி (திஸ்கி இல்லைங்க!): மாத்துறதுக்கு முன்னாடி மூலக் கோப்பைத் தனியா பத்திரப்படுத்திட்டு, நகல்லயே கை வைங்க. உங்க பரண்ல மதுரை, மயிலை, முரசு, எது கிடைச்சாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம். வர்ட்டா?