பூனைக் குடலும் மூன்று கிட்டார்களும்

முதலில் ஒரு திருத்தம். என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு, சுரமானிப் பாடம் நடத்தும்போது, "அந்தக் காலத்தில் கிட்டார் தந்தியெல்லாம் பூனைக் குடலில் செய்ததுடா" என்று சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அதற்கு 'கேட்கட்' என்று பெயர். பெயரை நம்பி ஏமாந்தேன். அது செம்மறியாட்டுக் குடல். பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முப்பது வருடம் தப்பாகச் சொன்னதற்கு இந்தப் பதிவை அபராதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அப்படிக் கேட்ட பழைய மாணவன் ஒருவன் இப்போது மியூனிக்கில் வேலை பார்க்கிறான். அடுத்த வருடம் திருச்சிக்கே திரும்புகிறான். வருவதற்கு முன் நல்ல நைலான் தந்தி கிட்டார் ஒன்று வாங்க ஆசை. மூன்று பார்த்து வைத்திருக்கிறான்: 1840 வாக்கில் செய்த சின்ன கிட்டார், 1960களின் ஸ்பானிஷ் கிட்டார், போன வருடம் செய்த புதுசு. "எது சார் உசத்தி?" என்று கேட்டான். நான் வாசிப்பது சுமார்தான். படிப்பது கொஞ்சம் அதிகம். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதல் கிட்டார். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸில் லாகோட், லண்டனில் பனோர்மோ, வியன்னாவில் ஸ்டாஃபர் போன்றவர்கள் செய்த வகை. இடுப்பு ஒடுங்கிய, சின்ன உடம்பு. ஃபெர்னாண்டோ சோர் இப்படிப்பட்ட கிட்டார்களுக்குத்தான் இசை எழுதினார். கேட்பவர்கள் ஒரு வரவேற்பறையில் அடங்கும் கூட்டம். அந்த அறைக்கு அந்தச் சத்தம் போதும்.

அடுத்து வந்தவர் அந்தோனியோ தெ டோரஸ் (1817–1892). ஸ்பெயினின் அல்மெரியா பக்கத்தில் பிறந்த தச்சர். செவில்லில் பட்டறை வைத்திருந்தார். உடம்பைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மெல்லியதாக இழைத்தார். அதன் உட்புறம் விசிறி மடிப்புபோல் விரியும் மெல்லிய குச்சிகளை ஒட்டினார். விசிறி அமைப்பு அவருக்கு முன்பே ஸ்பெயினில் உண்டு. அதை முழுமையாக்கியவர் இவர். அதிரும் தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்பதும் இவர் வழியாகவே நிலைத்தது. இன்றும் பெரும்பாலான கிளாசிக்கல் கிட்டார்களுக்கு அதுதான் அளவு.

டோரஸ் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சத்தத்துக்குக் காரணம் மேற்பலகையா, பக்கமும் முதுகுமா? 1862இல், மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து, பக்கத்தையும் முதுகையும் காகித அட்டையில் செய்து ஒரு கிட்டாரைக் கட்டினார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்ப்பது. நாம் ஆய்வகத்தில் செய்ததுதான். மேற்பலகைதான் முக்கியம் என்று காட்டிவிட்டார். அந்த அட்டை கிட்டார் இன்று பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கவனியுங்கள், டோரஸ் நைலானைக் கண்ணால் கண்டதில்லை. அவர் கிட்டாரில் மேல் மூன்று தந்தி ஆட்டுக் குடல். கீழ் மூன்று, பட்டு நூலின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியது. குடல் தந்தியின் நாதம் இனிமை. ஆனால் ஈரக்காற்று பட்டால் சுருதி கலையும், சீக்கிரம் நைந்து அறும்.

1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானைச் செய்தது. முதலில் பல் துலக்கும் பிரஷ், பிறகு பெண்களின் காலுறை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் நைலான் பாராசூட்டுக்குப் போனது. ஆட்டுக் குடல், காயத்தைத் தைக்கும் நூலாக மருத்துவமனைக்குப் போனது. கிட்டார்காரர்களுக்குத் தந்தி கிடைக்கவில்லை. நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையைத் தந்தியாக்கினார். ஸ்பானிய மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். செகோவியா ஏற்றதை உலகம் ஏற்றது. 1940களின் கடைசியில் குடலின் காலம் முடியத் தொடங்கியது. நைலான் தந்தியைப் பெற்றெடுத்தது இசை ஆராய்ச்சி அல்ல, போர்க்காலப் பஞ்சம்.

ஒரே கிட்டார் இரண்டு காலத்தையும் பார்த்ததுண்டு. என் மாணவன் இருக்கும் அதே மியூனிக்கில் ஹெர்மன் ஹவுஸர் என்பவர் 1937இல் செகோவியாவுக்காகச் செய்தது. பிறந்தபோது குடல் தந்தி. போருக்குப் பின் நைலான். 1960களின் தொடக்கம் வரை செகோவியா அதை மேடைகளில் வாசித்தார். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி இரண்டாவது கிட்டார். 1960களில் கிட்டார் கச்சேரிகள் ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்குகளுக்குப் போயிருந்தன. மைக் வைக்க செகோவியா சம்மதிக்கமாட்டார். மத்ரித் நகரின் மூன்றாம் ஹோஸே ராமிரெஸ், வழக்கமான ஸ்ப்ரூஸ் பலகைக்குப் பதில் வட அமெரிக்காவின் சிவப்பு சிடார் பலகையை வைத்தார். தந்தி நீளத்தை 664 மில்லிமீட்டர் ஆக்கினார். சுரமானிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 14 மில்லிமீட்டருக்கு 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல் இழுவிசை. சத்தம் கிடைத்தது, இடது கை விரல்கள் அதிகம் நீட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, இன்றைய வகை. ஆஸ்திரேலியாவில் கிரெக் ஸ்மால்மன், பால்சா மரத்தையும் கார்பன் இழையையும் சேர்த்து ஜன்னல் கம்பிபோல் குறுக்கும் நெடுக்கும் உள்ளே ஒட்டி, பலகையை மிக மெல்லியதாக்கினார். ஜான் வில்லியம்ஸ் அதை வாசித்துப் புகழாக்கினார். ஜெர்மனியில் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற நோமெக்ஸ் வைத்து ஒட்டும் 'டபுள் டாப்' வந்தது. நோமெக்ஸும் டூபாண்ட் சரக்குதான். என் மாணவன் பார்த்த புது கிட்டார் இந்த வகை. அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

ஆனால் இயற்பியலில் இலவசம் கிடையாது. விரல் தந்திக்குக் கொடுக்கும் ஆற்றல் கொஞ்சம்தான். பலகை அதை வேகமாகச் செலவழித்தால் சத்தம் பெரிது, ஸ்வரத்தின் ஆயுள் குறைவு. மெதுவாகச் செலவழித்தால் சத்தம் சிறிது, நாதம் நிற்கும். ஒவ்வொரு காலத்துத் தச்சரும் இந்தக் கணக்கைத் தன் காலத்து அறைக்கு ஏற்ப எழுதினார். அதனால் "எது உசத்தி" என்ற கேள்வியே சரியில்லை. "எந்த அறையில் வாசிக்கப் போகிறாய்?" என்பதுதான் கேள்வி.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1960களின் ஸ்பானிஷ் கிட்டார்களில் பலவற்றின் முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரத்தின் சர்வதேச வணிகம் சைட்ஸ் ஒப்பந்தப்படி தடை. பழைய கிட்டாராக இருந்தாலும் உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். பிரேசில் மரம் அரிதானபோது உலகம் திரும்பிய இடம் எது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலை. கூடலூர், வயநாடு பக்கம் வளரும் ஈட்டி மரம்தான் 'இந்தியன் ரோஸ்வுட்'. இன்று உலகெங்கும் நல்ல கிளாசிக்கல் கிட்டார்களின் முதுகில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. டோரஸின் அட்டை கிட்டாரை நினைத்துக்கொண்டால், முதுகு மரத்துக்காகத் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

அவனுக்கு நான் சொன்னது இது. 1840 கிட்டார் வேண்டாம். இன்றைய நைலான் தந்தி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுக்கும். அந்தக் கிழவருக்கு அது பாரம். அதற்கென்று தளர்ந்த தந்தி வாங்கி, ஈரப்பதம் பார்த்துப் பராமரிக்க நம் ஊர் ஏசி அறையும் மழைக்காலமும் ஒத்துவராது. புது டபுள் டாப் வேண்டாம். நீ கச்சேரி செய்யப் போவதில்லை, பிள்ளை தூங்கியபின் பக்கத்து அறையில் வாசிக்கப் போகிறாய். 1960 கிட்டார், பலகையில் வெடிப்பில்லாமல், கழுத்து வளையாமல், மரத்துக்கான காகிதத்தோடு வந்தால் யோசி. காகிதம் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதே.

இல்லையென்றால் நாலாவது ஒன்று தேடு: டோரஸ் அளவில், 650 மில்லிமீட்டரில், ஸ்ப்ரூஸ் பலகையும் ஈட்டி முதுகுமாக, உயிரோடு இருக்கும் ஒரு தச்சர் செய்தது. கடையில் ஓங்கி அடித்துப் பார்க்காதே. ஒரே ஒரு ஸ்வரத்தை மெல்ல மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள். அது எப்போது முடிகிறது என்று உனக்குத் தெரியாமல் முடிந்தால், அதை வாங்கு.

கிட்டார் வாசிக்கும் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால், பிழை கண்ட இடத்தில் திருத்துங்கள். பூனைக் குடல் போல இன்னொன்றை முப்பது வருடம் சுமக்க எனக்கு வயதில்லை.