கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நாய்க்குட்டி

1953 ஆம் ஆண்டில் பட்டி பேஜ் என்ற அமெரிக்கப் பாடகி பாடிய பாட்டு ஒன்று அந்நாடெங்கும் பரவியது. கடைக் கண்ணாடிக்குள் தெரியும் நாய்க்குட்டியின் விலை என்ன என்று கேட்கும் விளையாட்டுப் பாட்டு அது. அதே ஆண்டில் லிட்டா ரோசா என்பவர் அதைப் பிரிட்டனில் பாடினார். அங்கும் இசைத்தட்டு விற்பனையில் அது முதலிடம் பெற்றது. பொம்மை வாங்குவதைப் போலவே நாய்க்குட்டியையும் கடையில் வாங்குவது அக்காலத்தில் இயல்பாக இருந்தது. 2009 இல் அதே பட்டி பேஜ், தம் முதுமையில், அதே மெட்டில் வேறொரு பாட்டைப் பாடினார். காப்பகத்தில் இருக்கும் நாயை எடுத்து வளர்க்கும்படி வேண்டும் பாட்டு அது.

இந்த 56 ஆண்டுகளில் மக்கள் மனம் ஏன் இப்படி மாறியது? பிரிட்டனின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

தெருவிலிருந்து கடைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் நாய்க்குட்டிகள் தெருவிலேயே விற்கப்பட்டன. 1851 இல் வெளிவந்த தம் நூலில் ஹென்றி மேஹ்யூ என்ற இதழாளர் அந்த வணிகர்களைப் பற்றி எழுதியுள்ளார். செல்வர் வீட்டு நாய்களைத் திருடி, பணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தருவதும் அன்று ஒரு தொழிலாகவே நடந்தது. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் 'ஃப்ளஷ்' என்ற நாயும் அவ்வாறு களவு போய், பணம் கொடுத்து மீட்கப்பட்டதே. நாய்த் திருட்டைத் தடுக்க 1845 இல் தனிச் சட்டம் வந்தது. உடையவரின் சொத்தைக் காப்பதே அதன் நோக்கம். நாய் பட்ட பாடு அதில் பேசப்படவில்லை.

கிழக்கு இலண்டனில் கிளப் ரோ என்னுமிடத்தில் ஞாயிறுதோறும் கூடிய சந்தையில் பறவைகளோடு நாய்க்குட்டிகளும் விற்கப்பட்டன. செல்வர்களுக்கு ஹாரட்ஸ் என்ற பெருங்கடை இருந்தது. 1917 இல் அங்கே தொடங்கிய பிராணிகள் பிரிவு 2014 வரை நடைபெற்றது.

அளவு நாடாவுக்கு அகப்பட்டவை

1951 இல் பிரிட்டன் நாடாளுமன்றம் செல்லப் பிராணிகள் சட்டத்தை இயற்றியது. பிராணிகளை விற்கும் கடைக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவையாயிற்று. கூண்டின் அளவு, வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை ஆகியவை போதுமானவையா என்று பார்த்த பின்பே உரிமம் தரப்படும். 12 வயதுக்குட்பட்ட சிறுவருக்குப் பிராணியை விற்கக் கூடாது. தெருவில் விற்பதும் குற்றமாயிற்று. ஆனால் சந்தைக் கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் விலக்கு இருந்தது. அந்த விலக்கு 1983 இல் நீக்கப்பட்டபோதுதான் கிளப் ரோ போன்ற சந்தைகளில் பிராணி விற்பனைக்குத் தடை வந்தது.

இந்த விதிகளில் பெரும்பாலானவை, அதிகாரி ஒருவர் வெப்பமானியும் அளவு நாடாவும் கொண்டு கடைக்குள்ளேயே சரிபார்க்கக் கூடியவை. பாலூட்டி விலங்குகளை மிக இளம் வயதில் விற்கக் கூடாது என்றும் சட்டம் கூறியது. எத்தனை வாரம் என்பதை அது சொல்லவில்லை. அந்தக் கணக்கைத் தர அறிவியல் ஆய்வு தேவைப்பட்டது.

பதினான்கு வாரச் சோதனை

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் செய்த சோதனை 1961 இல் வெளியாயிற்று. உயர்ந்த வேலி சூழ்ந்த திடலில், மனிதருடன் பழகாதபடி, குட்டிகள் தாயுடன் வளர்க்கப்பட்டன. சில குட்டிகளை 2 ஆம் வாரத்திலும், வேறு சிலவற்றை 3, 5, 7, 9 ஆம் வாரங்களிலும் எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதருடன் பழக்கி, மீண்டும் திடலில் விட்டனர். எஞ்சிய சில குட்டிகளுக்கு 14 வாரம் வரை அந்த வாய்ப்பே தரவில்லை. முடிவில் சோதித்தபோது, கடைசிப் பிரிவுக் குட்டிகள் காட்டு விலங்குபோல மனிதரைக் கண்டு அஞ்சின. பிறகு பழக்க முயன்றும் அச்சம் எளிதில் தணியவில்லை.

அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965 இல் வெளியிட்ட நூல் இதை மேலும் விளக்கியது. ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் நாய்க்குட்டி முதலில் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும், பின்னர் மனிதரிடமும் உறவு கொள்ளப் பழகுகிறது. ஈர மண்ணில் பதியும் சுவடு, சுட்ட மண்ணில் பதிவதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

கடை வணிகத்தின் குறை இங்கேதான் புலப்படுகிறது. பண்ணையில் பிறந்த குட்டி தாயைப் பிரிந்து, தரகர் கை மாறி, வண்டியில் நெடுந்தொலைவு வந்து, கண்ணாடிப் பெட்டியில் காத்திருப்பது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். கடை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அந்த வாரங்கள் திரும்பி வாரா. கடைகளில் வாங்கிய நாய்களிடம் அச்சமும் மூர்க்கமும் கூடுதலாக உள்ளதாக 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. அது உடையவர்கள் அளித்த தகவல்களைக் கொண்டது. ஆகவே காரணம் இன்னதென்று அது ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆயினும் முந்தைய சோதனைகளோடு அது ஒத்துப்போகிறது.

நோயும் இவ்வாறே கண்ணுக்குத் தப்புகிறது. 1978 இல் பார்வோ என்ற புதிய நச்சுயிர் உலகெங்கும் நாய்களிடையே பரவியது. தொற்றிய பின் அறிகுறி தோன்றச் சில நாட்கள் ஆகும். வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி, வீட்டுக்கு வந்தபின் மடிந்துபோகலாம். பல பண்ணைகளின் குட்டிகள் ஓரிடத்தில் கூடுவது இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பாகிறது.

பண்ணையில் இருந்த தாய்

சட்டம் மெல்லப் பண்ணையை நோக்கித் திரும்பியது. 1973 இல் நாய் வளர்ப்புப் பண்ணைகளுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. உரிமம் பெற்ற பண்ணைகளில் பெண் நாய் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும், வாழ்நாளில் 6 முறைக்கு மேலும் ஈனக் கூடாது என்று 1999 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இடையில், 1978 இல், ஒரு நாய் நலச் சங்கம் பரப்பிய முழக்கம் மக்கள் நாவில் நிலைத்தது. கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கும் நாய் வாழ்நாள் முழுவதற்குமான பொறுப்பு என்பதே அதன் கருத்து.

2013 இல் வேல்ஸ் பகுதியில் ஒரு பண்ணையிலிருந்து லூசி என்ற பெண் நாய் மீட்கப்பட்டது. ஓயாமல் ஈனுவதற்கே பயன்படுத்தப்பட்டு உடல் நைந்துபோயிருந்த அது, 2016 இல் இறந்தது. மார்க் ஆபிரகாம் என்ற கால்நடை மருத்துவரும் பிறரும் அதன் பெயரால் இயக்கம் நடத்தினர். அதே 2016 இல், இடைத்தரகர் விற்பனையைத் தடை செய்யுமாறு நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அரசு முதலில் அதை ஏற்கவில்லை. உரிமம் பெற்ற கடையையாவது அதிகாரிகள் பார்வையிடலாம். தடை விதித்தால் வணிகம் மறைவிடங்களுக்குச் சென்றுவிடும் என்பது எதிர்வாதம். நாய்களின் நலம் நாடியோரிலும் சிலர் இவ்வாறே அஞ்சினர். எனினும் மக்கள் கருத்து தடையின் பக்கமே இருந்தது. 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் 6 மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் பிறர் வாங்கி விற்பது தடை செய்யப்பட்டது. வளர்ப்பவரிடமே சென்று, குட்டியைத் தாயுடன் பார்த்து வாங்க வேண்டும். அல்லது காப்பகத்திலிருந்து பெற வேண்டும்.

எதிர்வாதம் முற்றிலும் பொய்க்கவில்லை. அவ்வாண்டின் ஊரடங்கில் குட்டிகளின் விலை ஏறியது. வேறொரு நாயைத் தாய் என்று காட்டி ஏமாற்றுவோரும் இருந்தனர். சட்டம் தானாகவே காவல் நிற்பதில்லை. ஆனாலும் கலிபோர்னியாவில் 2019 முதலும், பிரான்சில் 2024 முதலும் கடைகள் நாய்க்குட்டிகளை விலைக்கு விற்பது தடை செய்யப்பட்டுள்ளது.

நம் நாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியை ஒட்டி 1960 இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 2017 இல் நாய் வளர்ப்புக்கும், 2018 இல் பிராணிக் கடைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கடை விற்பனைக்கு இங்கே தடையில்லை. பதிவு செய்துகொண்டு நடத்தலாம். ஆகவே வாங்குவோரின் பொறுப்பு இங்கே இன்னும் கூடுதலாகிறது. நாய்க்குட்டி வாங்கச் செல்வோர் விலையைக் கேட்குமுன், அதன் தாய் எங்கே என்று கேட்க வேண்டும்.