வெற்றி நூல்களும் அவை கூறாது விடுத்தனவும்

வாழ்க்கையில் உயர்வது எவ்வாறு, தொழிலகத்தில் முன்னேறுவது எவ்வாறு என்று எடுத்துரைக்கும் நூல்களை வரலாற்று மாணவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. புத்தகக் கடைகளின் முன்தட்டுகளில் அவை இடம்பிடித்திருப்பினும் ஆய்வுலகில் அவற்றிற்கு மதிப்பில்லை. இப்புறக்கணிப்பு முற்றிலும் நியாயமானதன்று. உழைப்பு என்பது யாது, உயர்வு யாருக்கு உரியது என்ற வினாக்களுக்குக் கைத்தொழிற் புரட்சியின் பின் தோன்றிய சமுதாயம் தான் விரும்பிய விடைகளை இத்தகைய நூல்கள் வாயிலாகவே தனக்குச் சொல்லிக்கொண்டது. எனவே அவை கூறும் அறிவுரையைக் காட்டிலும், அவை எச்சூழலிற் பிறந்தன, எவற்றைக் கூறாது விடுத்தன என்பனவே நமக்குக் கூடிய பயன் தருவன. 1859, 1911, 1958 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று நூல்களை முதன்மையாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

முதலாவது, சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'சுய உதவி'. இலண்டனில் ஜோன் மரே பதிப்பகம் 1859 நவம்பரில் இதனை வெளியிட்டது. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அதே மாதத்தில் அதே பதிப்பகத்திலிருந்தே வெளிவந்தது. ஸ்மைல்ஸின் நூல் முதலாண்டிலேயே இருபதினாயிரம் பிரதிகள் விற்பனையாயிற்று; 1904இல் அவர் இறக்கும்போது விற்பனை இரண்டரை இலட்சத்தை எட்டியிருந்தது. பொறியியலாளர், கண்டுபிடிப்பாளர், கலைஞர் எனப் பலருடைய வரலாறுகளைச் சுருக்கமாகக் கூறி, விடாமுயற்சியும் ஒழுக்கமும் உடைய எவரும் தம் பிறப்பின் தாழ்வை வென்று உயரலாம் என நிறுவ முயல்வது அந்நூல். வறுமைக்கு வறியவரையே பொறுப்பாக்கும் சித்தாந்தத்தின் திருமறை என்று பிற்காலத்தார் அதனைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆயின் நூல் பிறந்த கதை வேறாகும்.

லீட்ஸ் நகரில் மிக எளிய நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர், குளிர்கால மாலைப்பொழுதுகளில் ஒன்றுகூடித் தாம் அறிந்தவற்றை ஒருவருக்கொருவர் கற்பிப்பது என்று தீர்மானித்தனர். முதலில் அவர்களுள் ஒருவருடைய குடிசையிற் கூடினர். தொகை பெருகியது, இடம் போதவில்லை. கோடையில் தோட்டத்துக்குப் பெயர்ந்து திறந்தவெளியில் வகுப்பு நடத்தினர். எதிர்பாராது மழை பெய்தால் கற்பலகையில் எழுதிய கணக்குகள் கரைந்துபோகும். மறுபடி குளிர்காலம் வந்தபோது வாடகைக்கு ஓரிடம் தேடினர். வாந்திபேதி பரவிய காலத்தில் தற்காலிக மருத்துவமனையாக இருந்த ஒரு பழைய மண்டபம் கிடைத்தது. நோய் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் மக்கள் அஞ்சி விலகியதால் அதனை எடுப்பார் எவருமில்லை. அங்கே ஏறத்தாழ நூறு இளைஞர் எழுத்து, வாசிப்பு, கணிதம், புவியியல், இரசாயனம் ஆகியவற்றைத் தமக்குள் கற்பித்துக்கொண்டனர். சிறிது அறிந்தவர் அதனினும் சிறிது அறிந்தவருக்கு ஆசிரியராயினர். அவர்கள் அழைத்ததன் பேரில் 1845இல் ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளே பதினான்கு ஆண்டுகளின் பின் நூலுருப் பெற்றன. இவ்விவரங்களை நமக்குத் தருபவரும் அவரே. தமது முன்னுரையில் அவர் இவற்றை மறையாது எழுதியுள்ளார்.

நூறு பேர் கூடிக் கற்ற மண்டபத்திற் கருக்கொண்ட நூல், தனிமனிதர் வரலாறுகளின் தொகுப்பாக அச்சேறியமைதான் இங்கு ஊன்றி நோக்கற்பாலது. முன்னுரையில் இருந்த கூட்டுறவு அத்தியாயங்களுக்குள் நுழையவில்லை. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் பலிசி, விறகு தீர்ந்தபோது வீட்டுத் தளபாடங்களையும் உடைத்துச் சூளையிலிட்ட கதையை ஸ்மைல்ஸ் வியந்து கூறுகிறார். அத்தளபாடங்கள் பலிசியின் மனைவி மக்களுக்கும் உரியவை என்ற எண்ணம் அவ்வியப்பைக் குறைக்கவில்லை. ஸ்மைல்ஸின் சொந்த வாழ்விலும் இதுபோன்ற ஒன்று உண்டு. அவர் எடின்பரோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த 1832ஆம் ஆண்டில் தந்தையார் வாந்திபேதியால் இறந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாயார் கடையைத் தாமே ஏற்று நடத்தியமையாலேயே மகனின் கல்வி தடைப்படவில்லை. சுய உதவியைப் போதித்தவரின் பட்டம் ஒரு தாயின் வியாபாரத்தில் விளைந்தது.

ஸ்மைல்ஸ் கொடுமனம் படைத்தவரல்லர். 'லீட்ஸ் ரைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த காலத்தில் அரசியற் சீர்திருத்தத்துக்காக வாதாடியவர். தமது நூலின் தலைப்புச் சிலரால் தன்னலத்தைப் புகழ்வதாகப் பிழைபடக் கொள்ளப்பட்டது என்று 1866ஆம் ஆண்டுப் பதிப்பில் வருந்தியும் எழுதினார். வருத்தம் பயனளிக்கவில்லை. நூல் ஆசிரியரை விட்டு விலகித் தன் வழியே சென்றுவிட்டது. 1871இல் நகமுரா மசநாவோவின் மொழிபெயர்ப்பு யப்பானில் வெளிவந்து, பாடசாலைகளிலும் புகுந்து, பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. பரம்பரைச் சலுகைகளை இழந்துகொண்டிருந்த சாமுராய்க் குடும்பத்து இளைஞருக்குப் பிறப்பன்றி முயற்சியே உயர்வு தரும் என்ற கூற்று விடுதலையாகவே ஒலித்திருக்கும். ஒரு கருத்து ஓரிடத்தில் ஏழையைக் குற்றஞ்சாட்டவும் மற்றோரிடத்தில் குலப்பெருமையை உடைக்கவும் பயன்படுமாயின், அதன் பொருளை நூலுக்குள் மட்டும் தேடுதல் இயலாது.

இரண்டாவது நூல் ஐக்கிய அமெரிக்காவைச் சார்ந்தது. பிரெடெரிக் வின்ஸ்லோ ரெயிலரின் 'விஞ்ஞான முகாமைத்துவத்தின் தத்துவங்கள்' 1911இல் வெளிவந்தது. ஸ்மைல்ஸ் தொழிலாளியை நோக்கிப் பேசினார். ரெயிலரோ தொழிலாளியைப் பற்றி முகாமையாளரிடம் பேசினார். அரை நூற்றாண்டில் நேர்ந்த மாற்றத்தை இவ்வேறுபாடே காட்டும்.

ரெயிலரின் நூலில் மிகுந்த புகழ்பெற்ற பகுதி, பென்சில்வேனியாவிலுள்ள பெத்லகேம் உருக்குத் தொழிற்சாலையில் 1899இல் இரும்புப் பாளங்களைப் புகையிரத வண்டியில் ஏற்றிய தொழிலாளி ஒருவரைப் பற்றியது. பாளம் ஒன்றின் நிறை 92 இறாத்தல். அதுவரை ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி பன்னிரண்டரைத் தொன் ஏற்றினார். நூலில் 'ஷ்மிற்' என்று பெயரிடப்பட்ட அத்தொழிலாளி, எப்போது தூக்குவது, எப்போது ஓய்வது என்ற கட்டளைகளுக்கு அப்படியே பணிந்து நாற்பத்தேழரைத் தொன் ஏற்றினார் என்கிறார் ரெயிலர். கணக்கிட்டால் அது நாளொன்றுக்கு 1,150க்கு மேற்பட்ட பாளங்களாகும். கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாயிற்று. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்கைச் சிறிது தாண்டியது. எழுபத்தைந்து பேர் கொண்ட அக்கூட்டத்தில் எட்டுப் பேரில் ஒருவருக்கே இவ்வேலையைச் செய்யும் உடல்வலு இருந்தது என்பதும் அதே நூலில் உள்ளது. எஞ்சிய ஏழு பேரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. புகழ் பெற்றது ஷ்மிற்றின் கதை மட்டுமே.

பாளம் தூக்குவதற்கு ஏற்றவன் அறிவில் எருதை ஒத்தவனாக இருத்தல் வேண்டும் என்று ரெயிலர் எழுதினார். அதே ஷ்மிற் ஒரு துண்டு நிலம் வாங்கி, வேலைக்குப் போகுமுன்னும் வேலை முடிந்து வந்தபின்னும் தன் கையாலேயே சிறு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் என்று எழுதியவரும் ரெயிலரே. இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. தொழிலகத்துக்குள் சிந்திக்கத் தகுதியற்றவர், அதன் வாயிலைத் தாண்டியதும் அத்திவாரமிடவும் சுவரெழுப்பவும் அறிந்தவராயிருந்தார். அவருடைய உண்மைப் பெயர் ஹென்றி நொல். ரெயிலர் கூறிய கதையிற் பல புனைவுகள் கலந்திருப்பதை 1974இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

புனைவு கலந்த நூலாயினும் அதன் விளைவு மெய்யானது. 1911 ஓகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வோட்டர்ரவுண் அரச படைக்கலத் தொழிற்சாலையில், நிறுத்தற் கடிகாரத்தால் தன் வேலையை அளக்கவிடாத ஒருவர் நீக்கப்பட, வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். பிரதிநிதிகள் சபை ஒரு குழுவை அமைத்து விசாரித்தது, ரெயிலரும் சாட்சியமளித்தார். 1915இல், அரச தொழிற்சாலைகளில் இவ்வளவீட்டுக்குப் பணம் செலவிடுவதைக் கொங்கிரஸ் தடைசெய்தது.

ரெயிலரை மறுப்பதாகக் கூறிக்கொண்டு அடுத்து வந்தது மனித உறவுகள் பற்றிய கோட்பாடு. சிக்காகோவை அடுத்த ஹோதோண் தொழிற்சாலையில் 1924இலிருந்து 1932வரை நடைபெற்ற பரிசோதனைகளே அதன் அடிப்படை. தொழிலாளரைக் கவனித்துக் கேட்டு, குழுவாக மதித்தால் உற்பத்தி பெருகும் என்று எல்டன் மேயோ முதலானோர் விளக்கினர். எனினும் பரிசோதனை அறையில் இருந்த பெண்களுள் இருவர், மிகுதியாகப் பேசினர், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் அகற்றப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டனர். குழுவைப் போற்றிய கோட்பாடு, அக்குழு தானாகப் பேசத் தொடங்கியபோது பொறுத்துக்கொள்ளவில்லை. இதைவிட அதிகம் அதைப் பற்றி ஈண்டு கூறவேண்டியதில்லை.

மூன்றாவது நூல் ஓர் அங்கதம். பிரித்தானியத் தொழிற் கட்சியின் 1945ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தை வரைந்த மைக்கல் யங் என்ற சமூகவியலாளர் 1958இல் எழுதிய 'தகுதியாட்சியின் எழுச்சி' அது. பதினொரு வயதிலேயே பிள்ளைகளைப் பரீட்சையால் தரம்பிரித்த முறை அப்போது இங்கிலாந்தில் நிலைபெற்றிருந்தது. அதன் இறுதி எல்லை யாது என்று அவர் கற்பனை செய்தார். நுண்ணறிவும் முயற்சியும் சேர்ந்ததே தகுதி. தகுதி உடையோரே ஆள்வர். பரம்பரைச் செல்வர் எவருமிலர். பார்வைக்கு நீதியாகவே தோன்றும். ஆனால் முற்காலத்துச் செல்வனுக்குத் தன் உயர்வு பிறப்பின் விபத்து என்ற கூச்சமேனும் இருந்தது. தகுதியால் உயர்ந்தவனுக்கு அதுவும் இல்லை. முற்காலத்து ஏழைக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்ற ஆறுதல் இருந்தது. புதிய சமுதாயத்தில் தோற்றவனுக்கு அந்த ஆறுதலும் மறுக்கப்பட்டது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் தொடங்கி உயர்தரப் பரீட்சை வரை வடிகட்டப்படும் இந்நாட்டு மாணவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மலரில் எழுதுவோரும் இதனை வாசிப்போரும் பெரும்பாலும் அப்பரீட்சைகளிற் தேறியவர்களே. நம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்றுத் தேறாது போனவர்களைப் பற்றி நாம் எவ்வளவு எளிதாக, அவர்கள் முயலவில்லை என்று சொல்லிவிடுகிறோம்! நம் வீடுகளில் யார் யார் எவ்வெவற்றை விட்டுக்கொடுத்ததனால் நமக்கு மேசையும் விளக்கும் கிடைத்தன என்பதைப் பெறுபேற்றுத் தாள் காட்டுவதில்லை.

யங் எச்சரிக்கையாகப் பயன்படுத்திய சொல் நாளடைவிற் புகழ்ச்சொல்லாகியது. அரசியல்வாதிகள் அதனை இலட்சியமாக முழங்கக் கேட்டு, 2001இல் அவர் பத்திரிகையில் மனம் வருந்தி எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்தார். 1978இல் பிரபுப் பட்டம் பெற்றவரும் அவரே என்பதை அவருடைய எதிரிகள் மறக்கவில்லை. அவரது நூலில் தகுதியாட்சியை இறுதிவரை போற்றிக்கொண்டே செல்கிறார் கதைசொல்லி. தோற்றோர் கிளர்ச்சி செய்யமாட்டார் என்றும் உறுதி கூறுகிறார். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குவோர் பெண்கள். 1819இல் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்ட பீற்றர்லூத் திடலில், 2034இல் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்ட கலகத்தில் அவரும் கொல்லப்பட்டார் என்றும், அதனால் அச்சுப்படிகளை அவர் திருத்த இயலவில்லை என்றும் கடைசிப் பக்கத்தின் அடிக்குறிப்பில் 'பதிப்பாளர்' தெரிவிக்கிறார்.