இலண்டன் புகைமூட்டமும் வாரக் கணக்கும்

வைத்தியசாலைகளை நாடும் நோயாளரின் தொகையையும் இறப்போரின் தொகையையும் வாரந்தோறும் குறித்துவைத்தல் எழுதுவினைஞரின் சலிப்பூட்டும் கடமையாகத் தோன்றலாம். எனினும், கண்முன்னே நிகழ்ந்தும் எவர்க்கும் புலப்படாத பேரழிவொன்றின் அளவை இத்தகைய கணக்கே உலகறியச் செய்தது. 1952ஆம் ஆண்டில் இலண்டனைச் சூழ்ந்த புகைமூட்டத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

வாரக் கணக்கு இலண்டனில் நெடிய மரபுடையது. கொள்ளைநோயின் போக்கை அறியும்பொருட்டு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தேவாலயப் பங்குகள்தோறும் நிகழ்ந்த மரணங்கள் வாரந்தோறும் அச்சிடப்பட்டன. அவ்வேடுகளை ஆராய்ந்து யோன் கிராண்ட் 1662இல் வெளியிட்ட நூல் குடித்தொகைப் புள்ளிவிபரவியலின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகின்றது. 1938இல் அங்கு அவசரப் படுக்கைச் சேவை நிறுவப்பட்டது. வைத்தியர் தொலைபேசியில் வேண்டுமிடத்து, இடமுள்ள வைத்தியசாலையைக் கண்டறிந்து நோயாளியை அங்கு சேர்ப்பிப்பதே அதன் பணி. ஆதலின், அதனை வந்தடையும் வேண்டுகோள்களின் தொகை நகர மக்களின் உடல்நிலையைக் காட்டும் அளவுகோலும் ஆயிற்று.

1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை காற்று அசைவற்றிருந்தது. வீட்டு அடுப்புகளும் மின்னிலையங்களும் கக்கிய நிலக்கரிப் புகை, குளிர்ந்த மூடுபனியோடு கலந்து நகரின்மேற் கவிந்தது. மூடுபனிக்குப் பழகிய மக்கள் இதனைப் போக்குவரத்துக்கு நேர்ந்த இடையூறென்றே கருதினர். அவரவர் வீட்டில் முதியவர் ஒருவர் இறந்தமை அவ்வீட்டுத் துயராகவே அமைந்தது. ஆனால், படுக்கை வேண்டி வந்த அழைப்புகள் பெருகின. டிசெம்பர் 13இல் முடிந்த வாரத்தில் பெரிய இலண்டனில் 4,703 மரணங்கள் பதிவாகியிருந்தன. முந்திய ஆண்டின் அதே வாரத்தில் பதிவானவை 1,852 மாத்திரமே. தனித்தனித் துயரங்கள் ஒரே பேரழிவின் கூறுகளென்பதை இவ்விரு எண்களும் உணர்த்தின.

அரசாங்கம் முதலில் தயங்கியது. பின்னர், 1953இல் சேர் ஹியூ பீவர் தலைமையில் குழுவொன்றை நியமித்தது. அக்குழுவின் பரிந்துரைகளின் வழியே 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

எனினும், கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. புகை கலைந்த பின்னரும் 1953 மார்ச் வரை மரணங்கள் வழமைக்கு மேலாகவே இருந்தன. அவற்றை இன்புளுவென்சாவின் விளைவென அதிகாரிகள் கொண்டனர். புகையால் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். 2001இல் அவ்வாரக் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்த மிஷெல் பெல், டெவ்றா டேவிஸ் ஆகியோர், இன்புளுவென்சா அம்மரணங்களின் ஒரு பகுதியை மாத்திரமே விளக்கவல்லது என்றும், இறந்தோர் தொகை 12,000ஐ அணுகலாம் என்றும் காட்டினர்.

இவ்விரு தொகைகளுக்கும் மூலம் ஒரே ஏடுதான். எவ்வாரத்தோடு கணக்கை நிறுத்துவது என்ற தீர்ப்பே வேறுபட்டது. ஆகவே எண்ணுதல் மாத்திரம் உண்மையைத் தந்துவிடுவதில்லை. ஆயினும், அன்றைய எழுதுவினைஞர் ஒரு வாரமேனும் தவறாது பதிந்து வைத்தமையாலேயே, ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய முடிந்தது. பெயரறியப்படாது மாண்டோர்க்கு வரலாறு செய்யத்தக்க நீதி இத்தகைய பொறுமையான பதிவிலிருந்தே தொடங்குகின்றது.